ஃபேமிலி டூர் கிளம்புற கம்ப்யூட்டர் பைத்தியங்கள் பண்ற தப்புங்க (எல்லாமே நான் பண்ணது தான்)

வீட்ல கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருந்தா டூர் போறது ஈஸின்னு வெளில இருக்கறவங்க நினைக்கறாங்க, எங்க வீட்டம்மா கிட்ட கேட்டா வேற கதை சொல்லுவாங்க. 2000ல அப்பா கடன் வாங்கி ஒரு பென்டியம் 3, 64 எம்பி ரேம், விண்டோஸ் 98 போட்டு வாங்கிக் கொடுத்ததுல ஆரம்பிச்ச கிறுக்கு இது, இன்னும் விடல. மாசத்துக்கு ஒரு தடவையாவது சென்னைல எலக்ட்ரானிக்ஸ் கடைங்க நிறைஞ்ச ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஒண்ணும் வாங்காமலாவது சுத்திட்டு வரணும், இல்லன்னா கை அரிக்கும். செருப்பு ஸ்டாண்டுக்கு மேல ராஸ்பெர்ரி பைன்னு உள்ளங்கை சைஸ் குட்டி கம்ப்யூட்டர் ஒண்ணு ஓடிட்டு இருக்கு, பரண்ல பழைய ஹார்ட் டிஸ்க் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருக்கு. வருஷத்துக்கு ஒரு டூர் குடும்பத்தோட. போன தடவை ஊட்டி. அதுல நான் பண்ணின கூத்தை வச்சே சொல்றேன், உங்கள்ல பாதி பேர் இதே தப்பை வேற ஊர்ல பண்ணி இருப்பீங்க.

மொதல் தப்பு வீட்லயே ஆரம்பிச்சிடுது. கிளம்புற அன்னிக்கோ முந்தின ராத்திரியோ எந்த மெஷின்லயும் கை வைக்காதீங்க. ராத்திரி 9 மணி வாக்குல சென்ட்ரல்ல நீலகிரி எக்ஸ்பிரஸ், பேக்கிங் எல்லாம் நாலு மணிக்கே முடிஞ்சிருச்சு (நான் முடிக்கல, வீட்டம்மா முடிச்சாங்க), சும்மா தானே இருக்கோம்னு ரவுட்டருக்கு புது ஃபர்ம்வேர் (அதுக்குள்ள ஓடற சாஃப்ட்வேர்) போட்டேன். போட்டதும் செட்டிங்ஸ் மொத்தமும் ரீசெட் ஆகி வைஃபை பேரு, பாஸ்வேர்டு எல்லாம் போச்சு, டிவி, வாசல் கேமரா, அப்பாவோட டேப், ஒவ்வொண்ணா திரும்ப இணைச்சிட்டே இருக்கேன் கீழ டாக்ஸிக்காரர் ஹாரன் அடிச்சிட்டே இருக்கார். இதாவது பரவால்ல, பையாஸ் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் மொதல்ல ஓடற சாஃப்ட்வேர்) அப்டேட் பாதில கரன்ட் போச்சுன்னா மதர்போர்டே செங்கல் மாதிரி ஆயிடும், சில போர்டுல மட்டும் தான் யூஎஸ்பி வச்சு மறுபடி எழுதற வசதி உண்டு. ஐடி கம்பெனில வெள்ளிக்கிழமை சாயங்காலம் ப்ரொடக்‌ஷன்ல, அதாவது ஜனங்க நிஜமா யூஸ் பண்ற சிஸ்டத்துல, எவனும் கை வைக்க மாட்டான், வீட்டுக்கும் அதே தான். கிளம்ப ஒரு வாரம் முன்னாடி இருந்து எதையும் மாத்தக் கூடாது, அப்டேட் எவ்ளோ கெஞ்சினாலும் சரி.

அடுத்தது நம்ம ஆளுங்களுக்கே உரிய தப்பு. விளம்பரம் தடுக்கறதுக்கு ராஸ்பெர்ரி பைல பை-ஹோல்னு ஒரு சாஃப்ட்வேர் போட்டு வீட்டு டிஎன்எஸ் முழுக்க அது வழியா விட்டிருப்போம். டிஎன்எஸ்னா வெப்சைட் பேரை நம்பரா மாத்திக் கொடுக்கற விலாசப் புத்தகம் மாதிரி, அது செத்தா நெட் இருந்தும் நெட் இல்ல. அந்த ராஸ்பெர்ரி பை ஓடறது ஒரு சின்ன மெமரி கார்டுல, எழுதிட்டு இருக்கறப்ப கரன்ட் போனா கார்டு கெட்டுப் போக நல்ல வாய்ப்பு இருக்கு. நாங்க மேட்டுப்பாளையத்துல இறங்கி மலை ரயில்ல ஏறிட்டோம், ரயில் ஹில்குரோவ் ஸ்டேஷன்ல தண்ணி பிடிக்க நிக்குது, குரங்குங்க பிஸ்கட் பாக்கெட்ட குறி வச்சு சுத்துது, அப்பா போன். “டேய், டிவில யூட்யூப் வரலடா, லைட்டெல்லாம் பச்சையா தான் இருக்கு.” ராத்திரி கரன்ட் போயிருக்கு, கார்டு காலி. அங்க இருந்து குன்னூர் வரைக்கும் நான் போனும் கையுமா அப்பாவுக்கு ரவுட்டர் அட்மின் பக்கம் எப்படி போறதுன்னு சொல்லிட்டு வந்தேன், நடு நடுவுல டனல் வந்து லைன் கட் ஆகுது, வெளிய வந்தா மறுபடி மொதல்ல இருந்து. 1899ல குன்னூர் வரைக்கும் போட்ட லைன், 1908ல ஊட்டி வரைக்கும் நீட்டினது, 46 கிலோமீட்டர், 2005ல யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம்னு சேர்த்தது, கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் தண்டவாளத்துக்கு நடுவுல பல் வச்ச இரும்புச் சட்டம் போட்டு அதுல எஞ்சினோட பல்சக்கரம் கடிச்சு கடிச்சு மேல ஏறும், நிஜமா ஒரு டெக்னாலஜி பைத்தியம் பார்த்தே ஆக வேண்டிய விஷயம் அது, நான் பார்த்தது ரவுட்டரோட லாகின் பக்கம். பையன் தான் அப்புறம் எனக்கு பல்சக்கரம் எப்படி வேலை செய்யுதுன்னு விளக்கினான்.

அதனால கிளம்பறப்ப ரவுட்டர்ல டிஎன்எஸ்ஸ கம்பெனி கொடுத்த பழைய செட்டிங்குக்கே மாத்திடுங்க. இரண்டாவது டிஎன்எஸ்னு ஒண்ணு கொடுத்தா போதுமேன்னு சிலர் சொல்லுவாங்க, பல டிவைஸ் ரெண்டையும் கலந்து கேக்கும், சிலது செத்ததையே பிடிச்சுத் தொங்கும், நம்ப முடியாது. நீங்க இல்லாதப்ப வீட்ல இருக்கறவங்களுக்கு உங்க திறமை வேண்டாம், டிவி ஓடினா போதும்.

வீட்ல யாருமே இல்லன்னா இன்னும் சிம்பிள், ஸ்விட்ச் ஆஃப் பண்றது பத்தாது, பிளக்கையே பிடுங்கி வைங்க, இடி விழுந்தா ஸ்விட்ச் தாண்டி குதிக்கும். கேபிள் டிவி ஒயரையும் செட்டாப் பாக்ஸ்ல இருந்து கழட்டிடுங்க, அது செம்பு, அது வழியாவும் வரும். ஃபைபர் ஒயர் கண்ணாடி, அதுல வராது, ஆனா அந்த ஃபைபர் பெட்டியோட அடாப்டர்ல வரும்.

சார்ஜர் விஷயத்துக்கு வருவோம். ஒரு பை நிறைய கேபிள் எடுத்துட்டுப் போனாலும் வேணுங்கறது இருக்காது, இது எழுதப்படாத விதி. யூஎஸ்பி சி-ன்னு பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் எல்லா கேபிளும் ஒண்ணு இல்ல, சாதாரணமானது 60 வாட் வரைக்கும் தான் தாங்கும், அதுக்கு மேல வேணும்னா உள்ள ஒரு சிப் வச்ச கேபிள் வேணும், லேப்டாப் சார்ஜ் ஏறாம ஊர்ந்துட்டு இருந்தா மொதல்ல கேபிள பாருங்க. அப்புறம் 65 வாட் சார்ஜர் ஒண்ணே போதும்னு மூணு போர்ட் இருக்கற ஒண்ண மட்டும் எடுத்துட்டுப் போவோம், லேப்டாப் கூட போன சொருகினதும் அது 45, 20ன்னு பங்கு போட்டுடும், அதுக்குக் கோவிச்சுக்கக் கூடாது. ஆனா அந்த ஒண்ணு செத்தா குடும்பம் மொத்தமும் செத்துச்சு, அதனால சின்னதா பழைய சார்ஜர் ஒண்ணு கூட வைங்க. ஹோட்டல் ரூம்ல பிளக் பாயிண்ட் எப்பவும் டிவிக்குப் பின்னாடி தான் இருக்கும், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுத்துட்டுப் போறவர் தான் அந்த ரூம்ல ராஜா. ரயில்ல பெர்த் பக்கத்துல பாயிண்ட் இருக்கேன்னு நம்பிப் படுக்காதீங்க, பல ரயில்கள்ல ராத்திரி 11ல இருந்து காலைல 5 வரைக்கும் ஆஃப் பண்ணிடறாங்க, தீப்பிடிக்கக் கூடாதுன்னு தான்.

பவர் பேங்க்ல 20000 எம்ஏஎச்னு போட்டிருந்தா 4000 எம்ஏஎச் பேட்டரி போனுக்கு அஞ்சு தடவை ஏறும்னு கணக்கு போடறது இன்னொரு தப்பு. அந்த 20000ங்கறது உள்ள இருக்கற செல்லோட 3.7 வோல்ட் கணக்கு, அதாவது 74 வாட் ஹவர். வெளிய 5 வோல்ட்டா மாத்தி கொடுக்கறப்பவே 15000க்குக் கீழ வந்துரும், சூடாகி வீணாகறது வேற, 12, 13 ஆயிரம் கிடைச்சா நல்ல பேங்க். மூணு தடவை ஏறும்னு வச்சுக்கோங்க. ஃப்ளைட்ல போறவங்க இதை பெரிய பெட்டில போட்டு லக்கேஜ்ல விடவே கூடாது, கைப்பைல தான், அதுவும் 100 வாட் ஹவர் வரைக்கும் தான் கேள்வி கேக்காம விடுவாங்க, கிட்டத்தட்ட 27000 வருது. 2025 ஜனவரில கொரியால பூசான் ஏர்போர்ட்ல நின்னுட்டு இருந்த விமானம் தீப்பிடிச்சதுக்கு அப்புறம் பல ஏர்லைன்ஸ் ரூல் இறுக்கிட்டாங்க, தலைக்கு மேல இருக்கற பெட்டில கூட வைக்க விடாத இடம் உண்டு. போறதுக்கு முன்னாடி பார்த்துக்கோங்க.

இப்ப பெரிய தப்பு. எல்லாத்தையும் ஒரே போன்ல வைக்கறது. சர்வர்ல ஒரே டிஸ்க் வச்சா அடுத்தவன திட்டுவோம், நம்ம வாழ்க்கைய ஒரே போன்ல வச்சு சட்டைப் பாக்கெட்ல போட்டுட்டுப் போவோம். ஊட்டி ஏரில பெடல் போட், பொண்ண போட்டோ எடுக்கக் குனிஞ்சேன், போன் நழுவி போட்டுக்குள்ளயே விழுந்துச்சு, ஏரில விழலயேன்னு சந்தோஷப்பட்டேன், ஆனா போட் அடியில தேங்கின தண்ணில அது கிடந்ததை பத்து நிமிஷம் கழிச்சு தான் எடுக்க முடிஞ்சுது. தண்ணி, தூசி தாங்கற ரேட்டிங் ஐபி 67 தானே, ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம் தாங்கும்னு பேசிட்டே எடுத்தேன், அது புது போனுக்கு, சுத்தமான தண்ணில, லேப்ல பண்ற டெஸ்ட், என் போன் ரெண்டு தடவை கீழ விழுந்து ஓரத்துல கீறல் விட்டது. செத்துப் போச்சு. ரூம் பாய் அன்பா ஒரு கிண்ணம் அரிசி கொண்டு வந்தார். அரிசில வைக்காதீங்க, தூளு போர்ட்டுக்குள்ள போய் இன்னும் கெடுக்கும், ஆப்பிள் கம்பெனியே வேண்டாம்னு சொல்லுது. ஆஃப் பண்ணி, சார்ஜர் சொருகாம, போர்ட் கீழ பார்க்கற மாதிரி லேசா தட்டி, காத்தோட்டமான இடத்துல ஒரு நாள் விடுங்க, ஹேர் டிரையர் எல்லாம் வேண்டாம்.

போன் போனது கூட பெருசில்ல, அதுக்கப்புறம் தான் தெரிஞ்சுது அதுக்குள்ள என்னென்ன இருந்துச்சுன்னு. ரிட்டர்ன் டிக்கெட் அதுல, ஹோட்டல் புக்கிங் அதுல, யூபிஐ அதுல, மெயிலுக்குள்ள போகலாம்னா ரெண்டாவது கோட் கொடுக்கற ஆப்பும் அதுலயே. சிம்ம கழட்டி வீட்டம்மா போன்ல போட்டு ஓடிபி வர வச்சாச்சு, ஆனா புது போன்ல யூபிஐ போட்டா முதல் 24 மணி நேரத்துக்கு 5000 ரூபாய்க்கு மேல அனுப்ப விடாது, அன்னிக்கு தான் ரூம் பில் கட்டணும். அவங்க ஒண்ணும் பேசல, ஹேண்ட்பேக்ல இருந்து ஒரு எல்ஐசி டைரி எடுத்தாங்க, அதுல பிஎன்ஆர், கோச், பெர்த், ஹோட்டல் நம்பர், டாக்ஸிக்காரர் நம்பர் எல்லாம் பேனால எழுதி இருக்கு, பின் அட்டைக்குள்ள பத்தாயிரம் ரூபா. “நீங்க பேக்கப் பேக்கப்னு சொல்லுவீங்களே, இது தாங்க அது”ன்னாங்க. பதில் சொல்ல வாய் வரல.

அதுக்கப்புறம் நான் பண்றது இது தான். டிக்கெட் ரெண்டு பேர் போன்லயும், பேப்பர்லயும் ஒரு காப்பி. மெயில் அக்கவுன்ட்டுக்கு பேக்கப் கோட்னு பத்து நம்பர் கொடுப்பாங்க, அதை பிரின்ட் போட்டு பர்ஸ்ல, மெயில் ஐடி எழுதாம வெறும் நம்பரா. யூபிஐ வீட்ல ரெண்டு பேருக்கும் தனித்தனி பேங்க்ல, ஒரு பேங்க் சர்வர் படுத்தாலும் இன்னொண்ணு ஓடும். அடையாள அட்டை ஒரிஜினல் கைல. கேஷ் பத்தி இனிமே நான் வாயே திறக்க மாட்டேன்.

போட்டோ விஷயத்துல நிறைய பேர் ஏமாறுறது சிங்க்கையும் (ஒரு பக்கம் மாத்தினா மறுபக்கமும் மாறும்) பேக்கப்பையும் (தனியா இருக்கற காப்பி) ஒண்ணுன்னு நினைக்கறதுல. கூகுள் போட்டோஸ்ல ஏறிடுச்சேன்னு போன்ல இடம் பத்தாம ஆப்புக்குள்ள போய் டெலிட் கொடுத்தா கூகுள்ல ஏறி இருக்கறதும் சேர்ந்து போகும், 60 நாள் ட்ராஷ்ல இருக்கும், அதுக்குள்ள பார்த்தா பிழைச்சோம். போன்ல மட்டும் அழிக்க ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’னு தனியா இருக்கு, அது வேற இது வேற. அளவில்லாம இலவசம்ங்கறது 2021 ஜூன் 1ஓட முடிஞ்சிருச்சு, மெயில், டிரைவ் எல்லாம் சேர்த்து 15 ஜிபி தான், டூர் நடுவுல அது நிறைஞ்சா அன்னில இருந்து எதுவுமே ஏறாது, நோட்டிஃபிகேஷன யாரும் பார்க்க மாட்டோம். வாட்ஸப்ல ஃபேமிலி குரூப்ல போட்டாச்சு அதுவே காப்பின்னு இருக்காதீங்க, சுருக்கி தான் அனுப்பும், ஒரிஜினல் வேணும்னா டாக்குமென்டா அனுப்புங்க.

தொட்டபெட்டால பையன் கேமராவ வாங்கி நோண்டி கார்ட ஃபார்மட் பண்ணிட்டான். 300 படம். இந்த இடத்துல எல்லாரும் பண்ற தப்பு, சரி போனது போச்சுன்னு அதே கார்டுல மேல எடுக்கறது. ஃபார்மட் பண்ணா பெரும்பாலும் எந்தப் படம் எங்க இருக்குன்னு சொல்ற அட்டவணை தான் அழியும், படம் அங்கயே இருக்கும், மேல புதுசா எழுதினா தான் நிஜமா போகும். கார்ட உடனே கழட்டி ஒரு கவர்ல போட்டேன், வீட்டுக்கு வந்து போட்டோரெக்னு ஒரு இலவச புரோக்ராம் ஓட்டினேன், பார்க்க பழைய டாஸ் மாதிரி கருப்பா இருக்கும் பயப்படாதீங்க, ஒரு பத்து, பன்னெண்டு படம் தவிர எல்லாம் வந்துருச்சு. வாழ்க்கைல வீட்டம்மா என்னைப் பெருமையா பார்த்த சில தருணத்துல அது ஒண்ணு. (500 ரூபாய்க்கு 1 டிபி கார்டுன்னு விக்கறதுல எடுத்திருந்தா எந்தப் புரோக்ராமும் காப்பாத்தாது, அது உள்ள வெறும் 32 ஜிபி இருக்கும், நிறைஞ்சதும் பழசு மேலயே எழுதிட்டு நல்ல பிள்ளையா சிரிக்கும். வாங்கினதும் எச்2டெஸ்ட்டபிள்யூன்னு கார்ட சோதிக்கற புரோக்ராம் போட்டு முழுசா எழுதிப் பார்த்துடுங்க.)

மேப் பத்தி சின்னதா. ஜிபிஎஸ்க்கு நெட் வேண்டாம், சாட்டிலைட்ல வருது, நெட் வேண்டியது மேப் படத்துக்குத் தான், அதனால ஆஃப்லைன் மேப் வீட்லயே இறக்கிடுங்க. ஆனா சொல்ற ரோட்டுல எல்லாம் போகாதீங்க, மசினகுடிக்கு கல்லட்டி வழியா கிட்டக்கனு காட்டும், 36 கொண்டை ஊசி வளைவு, வெளியூர் வண்டிய அந்த வழில கீழ இறங்க விட மாட்டாங்க. பந்திப்பூர் காட்டு ரோடு ராத்திரி 9ல இருந்து காலைல 6 வரைக்கும் மூடிடுவாங்க. சொந்த வண்டில நீலகிரி போனா இ-பாஸ் எடுக்கணும், 2024 மே 7ல இருந்து இருக்கு. இதெல்லாம் டாக்ஸிக்காரர்ட்ட ரெண்டு நிமிஷம் பேசினா தெரிஞ்சிடும், நாம தான் கேக்க மாட்டோம், கைல மேப் இருக்கே.

வீட்டுக்கு வந்ததும் கார்ட காப்பி பண்ணின கையோட ஃபார்மட் பண்ணாதீங்க. ரெண்டு இடத்துல காப்பி ஆகணும், அதுல ஒண்ணு வீட்டுக்கு வெளிய இருக்கணும், ரெண்டையும் நாலஞ்சு படம் திறந்து பார்த்துட்டு தான் அழிக்கணும். என் வீட்ல அந்த வேலை என்னை நம்பி விடறதில்ல, ஊட்டி கார்டு இன்னும் சமையல் ரூம்ல அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னாடி அந்த டைரி கூட இருக்கு, கேட்டா இன்னும் ஒரு வாரம் போகட்டும்ங்கறாங்க.