ஒத்த சொல்லை ஜோடியோடு எழுதுங்கள்

ஆங்கிலத்தில் ஒத்த சொற்களைப் படிக்கும்போது 'ஃபாஸ்ட், குயிக், ரேபிட்' என்று தனித்தனியாக நோட்டில் எழுதாதீர்கள். 'ஃபாஸ்ட் ஃபுட்', 'குயிக் லுக்', 'ரேபிட் குரோத்' என்று, வழக்கமாகக் கூடவே வரும் சொல்லையும் சேர்த்து எழுதுங்கள். மூன்றுக்கும் வேகம்தான் பொருள். ஆனாலும் 'ரேபிட் ஃபுட்' என்று யாரும் சொல்வதில்லை. ஜோடியாகப் படித்தால் எந்தச் சொல்லை எங்கே போடுவது என்பதும் சேர்ந்தே மனதில் பதியும். பேசும்போது தடுமாற்றம் குறையும். ஜோடியை நீங்களாக ஊகிக்க வேண்டாம், அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியங்களிலிருந்தே எடுங்கள். இதுதான் முக்கியம்.

எஸ்.எஸ்.சி. போன்ற போட்டித் தேர்வுக்குக் கடைசி வாரத்தில் படிக்கிறீர்களா? சரி, அப்போது இது வேண்டாம். நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கப் பொருள் தெரிந்தாலே போதும், வெறும் பட்டியலே வேகமாக முடியும்.