ஒப்படையைப் படிப்படியாகக் கொடுப்பது எப்படி?

கிளிநொச்சியில் படிப்பிக்கத் தொடங்கிய வருடம், "இரணைமடுக்குளம் பற்றி 2000 சொற்களில் எழுதுக" என்று ஒப்படை கொடுத்தேன். செமெஸ்ரரின் கடைசி வாரம் கட்டுக்கட்டாக வந்தது. இணையத்தில் இருந்ததெல்லாம் அதில் இருந்தது, பிள்ளைகள் யோசித்தது மட்டும் இல்லை. பிழை என் கேள்வியில்தான். புதிதாக வரும் விரிவுரையாளர்களுக்காக, இப்போது நான் செய்வதை எழுதுகிறேன்.

1. முடிவெடுக்க வைக்கும் கேள்வியைக் கேளுங்கள். "2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடு வான்கதவுகளைத் திறந்த நேரம் சரியா? கனகராயன் ஆற்றின் நீர்வரத்தையும் கீழேயுள்ள ஊர்களையும் வைத்து, ஒரு கமக்காரர் அமைப்பின் தலைவருக்கு விளக்குக." இதற்கான விடையை இணையத்தில் பார்த்து எழுத முடியாது. வாசிப்பவர் யாரென்று தெரிந்ததும் பிள்ளைகள் விளக்கி எழுதத் தொடங்குவார்கள்.

2. துண்டு துண்டாக வாங்குங்கள். முதல் வாரம் வகுப்பிலேயே ஐந்து நிமிடம்: இப்போது என்ன நினைக்கிறேன், இன்னும் என்ன தெரிய வேண்டும். அரைப்பக்கம் போதும், புள்ளி வேண்டாம். மூன்றாம் வாரம் ஒரு பந்தி, அதில் ஒரு கருத்தும் ஒரு சான்றும். ஆறாம் வாரம் முழு வரைவு. எட்டாம் வாரம் இறுதிப் பிரதி.

கையால் எழுதிய வரைவையும் வாங்குங்கள். ஒட்டுசுட்டானிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளையிடம் மடிக்கணினி இருக்கும் என்று எண்ணக் கூடாது. ஆங்கில மொழிமூலப் பாடமென்றால் முதல் வரைவைத் தமிழில் எழுத விடுங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் தமிழில் படித்த பிள்ளைக்கு வாதம் தமிழில்தான் முதலில் வரும். வாதம் நின்றபின் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகலாம். இதை நேர விரயம் என்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை.

3. வரைவில் கருத்து எழுதுங்கள். உங்கள் நேரம் போக வேண்டிய இடம் இதுதான். இறுதிப் பிரதியில் எழுதும் சிவப்பு மையைப் பெரும்பாலும் யாரும் வாசிப்பதில்லை. எழுத்துப்பிழை எல்லாவற்றையும் திருத்தாதீர்கள். நன்றாக வந்த ஓர் இடம், மாற்ற வேண்டிய ஓர் இடம், அவ்வளவுதான். அதையும் கேள்வியாகக் கேளுங்கள்: "இந்த நீர்மட்ட அளவு எங்கிருந்து கிடைத்தது?"

4. இருவர் இருவராக வாசிக்க விடுங்கள். எழுதியவர் சத்தமாக வாசிக்கட்டும். விளங்காத இடத்தில் கேட்பவர் நிறுத்தட்டும்.

5. புள்ளித்திட்டத்தை முதல் நாளே கொடுங்கள். வரைவைத் திருத்தியதற்கும் அதில் புள்ளி இருக்கட்டும்.

அப்புறம், நன்றாக வந்த ஓர் ஒப்படையை எழுதியவரிடம் கேட்டு, பெயரை நீக்கி, அதன் முதல் வரைவோடு சேர்த்து எடுத்து வையுங்கள். அடுத்த வருடப் பிள்ளைகளுக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.