ஆர்மீனிய ஒயின் ஆலைகளைப் பார்ப்பதும் சுவைப்பதும்: பயணிகளுக்கான வழிகாட்டி

தலைநகர் யெரெவானிலிருந்து புறப்படும் ஒருநாள் சுற்றுலாக்கள் பலவற்றில், இரண்டு மடாலயங்களுக்கு நடுவே ஒயின் ஆலைக்கு என்று அரை மணி நேரம்தான் ஒதுக்கப்படுகிறது. கோப்பைகளை வரிசையாகப் பருகிவிட்டுப் பேருந்தில் ஏறுபவருக்கு எந்தத் திராட்சையைச் சுவைத்தோம், எந்தக் கலத்தில் அது ஒயினானது என்பது மாலைக்குள் மறந்துவிடும். ஒரு நாளில் இரண்டு ஆலைகளுக்கு மேல் போகாதீர்கள் என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது. அந்த இரண்டும் ஒரே மாதிரியானவையாக இருக்கவும் வேண்டாம். ஒன்று பெரியதும் மற்றது சிறியதுமாகவோ, ஒன்று சமவெளியிலும் மற்றது மலையிலுமாகவோ அமைந்தால், ஒப்பிட்டுப் பார்த்தே இந்நாட்டு ஒயினை உங்களால் புரிந்துகொள்ள முடியும்.

பயணிகளுக்கு முக்கியமான திராட்சைப் பகுதிகள் மூன்று. யெரெவானுக்கு வடமேற்கே, அரகாட்ஸ் மலையின் அடிவாரத்தில் இருக்கும் அரகாத்சோத்ன் மாகாணம் மிக அருகில் உள்ளது. சாசுனிக் கிராமத்திலுள்ள ஆர்மீனியா ஒயின் நிறுவனத்தின் ஆலையும் அதனோடு சேர்ந்த ஒயின் வரலாற்று அருங்காட்சியகமும், கோட்டை போன்ற கட்டடங்களைக் கொண்ட வொஸ்கெவாஸ் ஆலையும், தோட்டத்தின் நடுவிலேயே அமர்ந்து சுவைக்கக்கூடிய வான் ஆர்தியும் இப்பகுதியைச் சேர்ந்தவை. அரை நாள் மட்டுமே கையில் இருப்பவர்களுக்கு இப்பகுதி போதும். மேற்கிலுள்ள அர்மாவிர் மாகாணம் அகன்ற சமவெளி. பெரிய பண்ணைகளின் நவீனத் தொழில்நுட்பத்தைப் பார்க்க விரும்புபவர்களுக்கு அது பொருந்தும். மூன்றாவது, யெரெவானுக்குத் தென்கிழக்கே சுமார் இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் வயோத்ஸ் ஜோர் மாகாணம். ஒரு முழு நாளை ஒதுக்க முடிந்தால் தயங்காமல் இங்கே போங்கள்.

அந்த மாகாணத்தின் ஆரேனி கிராமத்தை ஒட்டிய பள்ளத்தாக்கில் ஆரேனி-1 எனப்படும் குகை இருக்கிறது. 2007-இல் தொடங்கிய அகழாய்வில், சுமார் 6,100 ஆண்டுகளுக்கு முன் ஒயின் தயாரித்த இடம் முழுமையாக அங்கே வெளிப்பட்டது. களிமண் பூசிய ஆழமற்ற மேடையில் திராட்சையைக் காலால் மிதித்திருக்கிறார்கள். சரிவான அந்த மேடையிலிருந்து சாறு வழிந்து, தரையில் பதித்த ஏறத்தாழ இரண்டடி ஆழத் தொட்டியில் சேர்ந்திருக்கிறது. பக்கத்திலேயே சேமிப்புச் சாடிகளும், உலர்ந்த திராட்சை விதைகளும், பிழிந்த சக்கையும் கிடைத்தன. உலகில் இதுவரை கண்டறியப்பட்ட முழுமையான ஒயின் தயாரிப்புக் கூடங்களில் இதுவே மிகப் பழையது. இங்கே கிடைத்த, சுமார் 5,500 ஆண்டுகள் பழைமையான தோல் காலணி யெரெவானிலுள்ள வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குகையை ஆலைக்கு முன்பாகப் பார்ப்பது நல்லது. மிதி மேடை, வழிந்தோடும் சாறு, மண்ணில் பதித்த கலம் என்ற அதே வரிசையைச் சில கிலோமீட்டர் தள்ளி, இன்றும் இயங்கும் கூடத்தில் காணும்போது, வழிகாட்டியின் விளக்கம் இல்லாமலேயே பல விஷயங்கள் புரிந்துவிடும்.

பழைமை இவ்வளவு இருந்தும், நீங்கள் பார்க்கப்போகும் ஆலைகளில் பெரும்பாலானவை வயதில் இளையவை. சோவியத் திட்டமிடலில் ஆர்மீனியாவுக்கு முதன்மையாக ஒதுக்கப்பட்டது பிராந்தித் தயாரிப்பு. திராட்சையில் பெரும்பகுதி வடிகலன்களுக்குச் சென்றது, உணவோடு அருந்தும் மேசை ஒயின் பின்னுக்குத் தள்ளப்பட்டது. இன்று பேசப்படும் பெயர்களில் பல 2000-க்குப் பிறகு தோன்றியவை. ரிண்ட் கிராமத்தில் ஜோரிக் கரிபியான் தொடங்கிய ஜோரா ஆலையின் முதல் ஒயின் 2010 அறுவடையிலிருந்து வந்தது. இதில் பயணிக்கு ஒரு நன்மை உண்டு. சிறிய ஆலைகளில் உங்களுக்கு ஊற்றித் தருபவர் பெரும்பாலும் அதைத் தொடங்கியவராகவோ அவருடைய குடும்பத்தினராகவோ இருப்பார் என்பதால், கேட்கும் கேள்விக்கு நேரடியான பதில் கிடைக்கும்.

முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். ஆரேனியில் நெடுஞ்சாலையோரமாக இருக்கும் பெரிய விற்பனைக்கூடங்களில் நேராக நுழைந்துவிடலாம். ஆனால் அகவ்னாஜோரில் உள்ள ட்ரினிட்டி கேன்யன், யெகெக்னாஜோரில் உள்ள ஓல்டு பிரிட்ஜ் போன்ற சிறிய ஆலைகளில், வருகையை முன்கூட்டியே தெரிவித்தால்தான் விளக்கம் சொல்ல ஆள் இருப்பார். எத்தனை பேர், எந்த மொழியில் விளக்கம் வேண்டும், உணவும் தேவையா, உங்களில் மது அருந்தாதவர் எவரேனும் உண்டா என்பதையெல்லாம் அப்போதே எழுதிவிடுங்கள். ஆங்கிலமும் ரஷ்ய மொழியும் பல இடங்களில் செல்லும். கட்டணத்தை ஆர்மீனிய நாணயமான திராமில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பெரிய ஆலைகளில் அட்டை செல்லுபடியாகும் என்றாலும், கிராமங்களுக்குப் போகும்போது ரொக்கம் கையில் இருக்கட்டும்.

வண்டியைப் பொறுத்தவரை ஒரே விதிதான்: சுவைப்பவர் ஓட்டக்கூடாது. வயோத்ஸ் ஜோருக்குப் போகும் பாதை அரராத் சமவெளியைத் தாண்டியதும் மலை வளைவுகளில் ஏறி இறங்குகிறது. துப்பிவிட்டுத்தானே சுவைத்தோம் என்ற சமாதானம் அந்த வளைவுகளில் உதவாது. யெரெவானில் ஓட்டுநருடன் ஒரு நாள் வாடகைக்குக் கார் எடுப்பது எளிது. நான்கு பேர் சேர்ந்தால் செலவும் அதிகமாகத் தெரியாது. மார்ஷ்ருத்கா எனப்படும் சிறு பேருந்துகள் யெகெக்னாஜோர் வரை போகும். ஆனால் ஆலைகள் ஒன்றுக்கொன்று தள்ளியிருப்பதால், அங்கே ஓரிரவு தங்குபவர்களுக்கே அந்த வழி உகந்தது.

எந்தப் பருவத்தில் போவது என்பதில் என் கருத்து சற்று மாறுபட்டது. அக்டோபர் முதல் சனிக்கிழமையை ஒட்டி ஆரேனியில் நடக்கும் ஒயின் திருவிழாவைப் பலரும் பரிந்துரைப்பார்கள். இசையும் நடனமும் வீட்டு ஒயினுமாக ஊரே திரண்டிருக்கும் அந்த நாள் கொண்டாட்டத்துக்கு ஏற்றது. நிதானமாகச் சுவைத்து அறிந்துகொள்ள அது ஏற்றதல்ல. செப்டம்பர் இறுதியில் ஒரு வார நாளில் சென்றால் அறுவடையையும் பார்க்கலாம், கூட்டமும் இருக்காது. ஆயினும் தயாரிப்பாளர்கள் மிகவும் பரபரப்பாக இருக்கும் காலம் அது; நீண்ட உரையாடலை விரும்புபவர்கள் மே, ஜூன் மாதங்களைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. ஆகஸ்ட் நடுவில், கன்னி மரியாளின் விண்ணேற்புத் திருநாளை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையன்று தேவாலயங்களில் திராட்சைக் குலைகளுக்கு ஆசி வழங்கப்படுகிறது. அதற்குமுன் புதுத் திராட்சையை உண்ணக்கூடாது என்ற மரபை இன்றும் பல குடும்பங்கள் கடைப்பிடிக்கின்றன. குளிர்காலத்தில் நிலவறைகள் திறந்திருந்தாலும் கொடிகளைக் காண இயலாது. கடுங்குளிருக்கு அஞ்சிப் பல இடங்களில் அவற்றை மண்ணால் மூடிவிடுவார்கள்.

ஆலைக்குள் நுழைந்ததும் முதலில் தோட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். வயோத்ஸ் ஜோரின் தோட்டங்கள் கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேலே தொடங்குகின்றன; காச்சிக் கிராமத்தில் கெயுஷ் என்னும் நுரை ஒயினுக்காகத் திராட்சை வளரும் இடம் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் கடும் வெயில், இரவில் குளிர் என்ற இந்த வேறுபாட்டால் பழம் நன்கு இனித்தும் புளிப்பை இழக்காமல் நிற்கிறது. ஐரோப்பியத் தோட்டங்களை 19-ஆம் நூற்றாண்டில் அழித்த ஃபில்லாக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சியின் தாக்குதலுக்கு ஆளாகாததால், இங்கே பல கொடிகள், அப்பூச்சியைத் தாங்கும் வேறு வேரில் ஒட்டுக்கட்டப்படாமல், சொந்த வேரிலேயே நிற்கின்றன. கொடியின் அடித்தண்டைக் குனிந்து பாருங்கள். ஒட்டுப்போட்ட முடிச்சு எதுவும் இன்றி, முறுக்கேறிய பழைய தண்டு நேராக மண்ணுக்குள் இறங்கியிருக்கும்.

கூடத்தில் கவனிக்கவேண்டியது கராஸ் என்னும் பெரிய களிமண் சாடி. அடி குறுகி, வயிறு அகன்று, பெரும்பாலும் பகுதியளவு மண்ணில் புதைந்திருக்கும் இக்கலங்களில் நூற்றுக்கணக்கான லிட்டர் கொள்பவை சாதாரணம். மண்ணில் புதைத்திருப்பதால் வெப்பம் சீராக இருக்கும்; களிமண்ணின் நுண்துளைகள் வழியே மிகச் சிறிதளவு காற்று உள்ளே போகும். ஓக் பீப்பாயும் காற்றை விடும் என்றாலும், அது தன் வாசனையையும் சேர்த்துக் கொடுக்கும். கராஸ் அப்படிச் செய்வதில்லை. பெரிய கராஸ் வனையும் கைத்தொழில் ஏறக்குறைய மறைந்துவிட்டதால், சில ஆலைகள் கிராமத்து வீடுகளிலிருந்து பழைய சாடிகளைத் தேடி வாங்கிப் பயன்படுத்துகின்றன. காலியான கராஸ் இருந்தால், அனுமதி பெற்று அதன் வாயருகே குனிந்து முகர்ந்து பாருங்கள். ஈரமண் வாசனையும் மங்கிய பழ வாசனையும் கலந்து வரும்.

சுவைக்கும் மேசையில் கேட்கவேண்டிய முக்கியமான கேள்வி இதுதான்: ஒரே திராட்சையை வெவ்வேறு கலங்களில் வைத்த ஒயின்கள் உண்டா? ஆரேனி என்னும் சிவப்பு ஒயின் திராட்சையின் ஒயினை எஃகுத் தொட்டியிலிருந்து ஒன்று, கராஸிலிருந்து ஒன்று, ஓக் பீப்பாயிலிருந்து ஒன்று என அடுத்தடுத்து வைத்துச் சுவைக்க முடிந்தால், வேறு பத்து வகைகளை விட்டுக்கொடுத்தாலும் நட்டமில்லை. ஆரேனியில் செர்ரிப் பழத்தின் சாயல், மிளகின் மெல்லிய காரம், துள்ளும் புளிப்பு, அளவான துவர்ப்பு ஆகியவற்றை எதிர்பாருங்கள். வெள்ளை ஒயினில் வொஸ்கெஹாத் திராட்சையே முதன்மையானது; பீச், ஆப்ரிகாட், மலர் வாசனைகளோடு வாயில் சற்றுக் கனமாக நிற்கும். நுரை ஒயின், வெள்ளை, ரோஸே எனப்படும் இளஞ்சிவப்பு, சிவப்பு, இனிப்பு என்ற வரிசையை மாற்றவேண்டாம். மாதுளை, ஆப்ரிகாட் முதலிய பழ ஒயின்களை இறுதியில் வையுங்கள். அவற்றின் இனிப்பு நாவில் தங்கிவிட்டால் அடுத்த சிவப்பு ஒயின் மெலிந்துபோனதாகத் தோன்றும். கோப்பையிலிருப்பதை முழுக்கக் குடிக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மீதியை ஊற்றுவதற்குக் கிண்ணம் கேட்டால் எவரும் தவறாக நினைக்கமாட்டார்கள். அன்று காலையில் வாசனைத் திரவியம் பூசாமல் போவது உங்களுக்கும் அருகில் இருப்பவருக்கும் நல்லது.

வெறும் வயிற்றில் சுவைக்காதீர்கள். லவாஷ் ரொட்டி, உப்புப் பாலாடைக்கட்டி, பச்சைக் கீரைகள், மசாலா பூசி உலர்த்திய மாட்டிறைச்சியான பஸ்தூர்மா இவை கொண்ட தட்டைப் பல ஆலைகள் தருகின்றன. பஸ்தூர்மாவின் வெந்தய மசாலா மிகவும் காட்டமானது என்பதால் அதை வெள்ளை ஒயினோடு சேர்க்கவேண்டாம். குடும்ப ஆலையில் மேசையில் அமர்த்தி உணவு பரிமாறினால், வீட்டுப் பெரியவர் எழுந்து வாழ்த்துரை சொல்லி முடிக்கும்வரை கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகாமல் காத்திருங்கள். விருந்தினரிடமிருந்தும் ஒரு வாழ்த்துரையை எதிர்பார்ப்பார்கள். உளமாரச் சொன்ன இரண்டு வாக்கியங்கள் போதும்.

ஆரேனிச் சாலையோரக் கடைகளில் குளிர்பானப் பிளாஸ்டிக் புட்டிகளில் வீட்டு ஒயின் விற்பார்கள். சுவைக்கக் கொடுப்பார்கள், பிடித்திருந்தால் அன்று மாலைக்கு ஒரு புட்டி வாங்கலாம், ஆனால் ஊருக்கு எடுத்துச்செல்லும் எண்ணம் வேண்டாம், அது நீண்ட நாள் தாங்காது.

பிராந்தியையும் பார்க்க விரும்பினால், 1887-இல் நெர்செஸ் தாயிரியான் தொடங்கிய தொழிலின் வழிவந்த அரராத் ஆலை யெரெவானிலேயே இருக்கிறது. அதற்கு வேறொரு நாளை ஒதுக்குங்கள். ஒயின் சுவைத்த நாவுக்கு அதே மாலையில் பிராந்தியின் நுட்பம் எட்டாது.

வாங்குவதில் ஒரு யோசனை. பெரிய ஆலைகளின் புட்டிகள் யெரெவானின் சர்யான் தெருவிலுள்ள ஒயின் கடைகளிலும் கிடைக்கும். ஆகவே ஆலையில் வாங்கும்போது, குறைந்த அளவில் தயாராகும் சிறு ஆலைகளின் ஒயினுக்கு முன்னுரிமை கொடுங்கள். அறுவடை ஆண்டு, கிராமம், கலம் மூன்றையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேல் திரவம் அனுமதிக்கப்படாததால், புட்டிகளைத் துணிகளுக்கு நடுவே சுற்றிப் பெட்டியில் வைத்துப் பதிவுச் சுமையாக அனுப்பவேண்டும். உங்கள் நாட்டுச் சுங்கம் எத்தனை லிட்டர் வரை அனுமதிக்கிறது என்பதை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் உடனே திறக்காமல், ஓரிரு வாரம் வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் படுக்கவைத்துவிட்டுப் பிறகு திறங்கள்.