சின்ன டர்போ கார் வாங்குகிறவர்கள் விடும் தவறுகள்

போன மாதம் என் மச்சான் வெள்ளவத்தையில் ஒரு டொயோட்டா ரெய்ஸ் பார்த்துவிட்டு வந்து, "இஸட் கிரேட், அப்ப டர்போதானே" என்றார். 2022ஆம் ஆண்டு வாகனம், இரு சக்கர இயக்கம். அதில் டர்போ, அதாவது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி இழுவிசையைக் கூட்டும் சுழலி, கிடையாது. அடுத்த நாள் முற்பணம் கட்ட இருந்தார்.

கிரேட், அதாவது காரின் வசதித் தரத்தைக் குறிக்கும் எழுத்தைப் பார்த்து எஞ்சினை முடிவுசெய்வதுதான் முதல் தவறு. ஜப்பானில் 2019 நவம்பரில் ரெய்ஸ் வந்தபோது எல்லாமே 996 சீசி டர்போ. 2021 நவம்பரில் இரு சக்கர இயக்கத்துக்கு 1.2 லீட்டர் சாதாரண எஞ்சினும் ஹைபிரிட்டும் வந்துவிட்டன; டர்போ நான்கு சக்கர இயக்கத்தில் மட்டும் மிஞ்சியது. மூன்றிலும் இஸட் உண்டு. ஆகவே மொடல் குறியீட்டைப் பாருங்கள்: ஏ200ஏ, ஏ210ஏ என்றால் டர்போ, ஏ201ஏ சாதாரண 1.2, ஏ202ஏ ஹைபிரிட். சுசுகியிலும் இதே சிக்கல்தான். வாகன்ஆர் ஸ்டிங்ரே எல்லாம் டர்போ அல்ல, டி கிரேட் மட்டுமே டர்போ. ஸ்விஃப்ட் ஆர்எஸ் வேறு, டர்போ உள்ள ஆர்எஸ்டி வேறு.

இலங்கையில் பெற்றோல் கார்களுக்கான தீர்வை சீசியை வைத்துக் கணக்கிடப்படுவதால் 1000 சீசிக்குள் அடங்கும் டர்போ நமக்கு இலாபமாகத் தெரிகிறது. அது உண்மைதான். ஆனால் காலி வீதி நெரிசலில் பம்பலப்பிட்டி வரை போய்வருவதுதான் உங்கள் ஓட்டம் என்றால் அந்த இழுவிசையை நீங்கள் அனுபவிக்கப்போவதில்லை. அப்படியானவர்களுக்கு நான் 1.2ஐத்தான் சொல்வேன். நுவரெலியா ஏற்றம், அதிவேகப் பாதை என்று அடிக்கடி போகிறவர்களுக்கு டர்போ சரி.

வாங்கியபின் நடக்கும் பெரிய தவறு ஒயிலில். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய ஒயில் படலம் மட்டுமே. "கொழும்பு வெக்கைக்குத் தடித்த ஒயில் போடுங்கோ" என்று கராஜில் சொன்னால் கேட்காதீர்கள், கையேட்டில் சொன்ன தடிப்புள்ள ஒயிலையே போடுங்கள். ஒயில் மாற்ற டொயோட்டா ஜப்பானில் டர்போ பெற்றோல் எஞ்சினுக்குச் சொல்வது 5,000 கிலோமீற்றர் அல்லது 6 மாதம். கடினமான ஓட்டத்துக்கு அதில் பாதி. சின்னச் சின்ன ஓட்டமும் நெரிசலும் கடினமான ஓட்டம்தான். ஹோண்டா சிவிக் 1.0 வைத்திருப்போர் இன்னும் கவனம்: அதன் டைமிங் பெல்ட் (எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் பட்டி) ஒயிலுக்குள்ளேயே ஓடுகிறது. பிழையான ஒயிலில் பெல்ட் சிதைந்தால் துகள்கள் ஒயில் வரும் வழியை அடைக்கும், பிறகு எஞ்சினே போய்விடும்.

பெற்றோலில் எல்லா டர்போவுக்கும் 95 ஒக்டேன் வேண்டும் என்பதும் இல்லை. ஜப்பானிய ரெய்ஸ் சாதாரண பெற்றோலுக்கானது, 92 போதும். இங்கிலாந்திலிருந்து வந்த சிவிக்குக்கு 95 அடியுங்கள்.

அப்புறம் ஒன்று: தெற்கு அதிவேகப் பாதையில் மிதித்து வந்து வெலிப்பென்னவில் நிறுத்தினால் உடனே சாவியைத் திருப்பாதீர்கள். ஒரு நிமிடம் எஞ்சினை சும்மா ஓடவிடுங்கள், சூடேறிய டர்போவுக்குள் ஒயில் கருகாமல் இருக்கும். ஊருக்குள் மெதுவாக வந்து நிறுத்தும்போது அது தேவையில்லை.