மேளக்காரரை வாசலோடு நிறுத்தாதீர்கள்: தோட்டத்துக் கலைஞர்களைப் பாராட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில், ரப்பர் தோட்டத்துக் கலைகளுக்காக ஒரு கலைஞர் பாராட்டு விழா. மண்டப வாசலில் தப்பும் உறுமியும் முழங்க, சிறப்பு விருந்தினரின் கார் வந்து நின்றது. மாலை, சந்தனம், குங்குமம். மேளம் முன்னே போக, விருந்தினர் பின்னே நடந்தார். கதவருகே வந்ததும் ஏற்பாட்டாளர் ஒருவர் கையைக் காட்டி மேளத்தை நிறுத்தினார். விருந்தினர் உள்ளே போனார். மேளக்காரர்கள் பின்கட்டுக்குப் போனார்கள், அங்கே பொட்டலச் சோறு காத்திருந்தது. உள்ளே இரண்டரை மணி நேரம் மண்ணின் கலைகளை வளர்ப்பது பற்றிப் பேசினோம்.

கையைக் காட்டியது நான்தான்.

அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. விழா முடியும் தறுவாயில் தண்ணீர் எடுக்கப் பின்பக்கம் போனேன். தப்படிக்கும் பெரியவர் பொட்டலத்தை மடித்துக்கொண்டே, "உள்ள யாருக்கு தம்பி விருது?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நாற்பது வருடமாக இந்த வட்டாரத்தில் அவர் அடிக்காத திருவிழா கிடையாது. எங்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

அதன் பிறகு நான்கைந்து விழாக்களில் கைகொடுத்திருக்கிறேன். இங்கே எழுதுபவற்றில் பாதி நானே செய்த தவறுகள்.

யார் கலைஞர் என்று முடிவு செய்யும் இடம்

எல்லாக் கோளாறும் பட்டியல் போடும் கூட்டத்தில் தொடங்குகிறது. ஆறேழு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவோம். பரதநாட்டிய ஆசிரியை, இசைக்குழு பாடகர், நாடகம் எழுதும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்று மேடையில் பார்த்தவர்களின் பெயர்கள்தான் முதலில் வரும். அவர்கள் தகுதியானவர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் தோட்டத்துக் கலை மேடையில் வளர்ந்ததில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலிலும், விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலும், கோயில் திடலிலும், சாவு வீட்டிலும் வளர்ந்தது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, வெயில் ஏறுவதற்குள் ரப்பர் மரத்தில் பால் வெட்டி, மதியம் வரை பால் எடுத்துச் சுமந்த ஆட்கள், மாலையில் மிச்சமிருந்த தெம்பில் செய்த கலை அது.

அதனால்தான் ஒப்பாரி சொல்லும் அம்மா நம் கண்ணில் படுவதில்லை. காவடி கட்டுபவர், கரகம் சோடிப்பவர், புரட்டாசி சனிக்கிழமை பஜனையை இழுத்துக்கொண்டு போகும் பாட்டையா, தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவுக்கு வருடா வருடம் கும்மி பழக்கிக் கொடுத்த சமையற்கார அக்கா, இவர்கள் எல்லாரும் 'உதவி செய்தவர்கள்' ஆகிவிடுகிறார்கள். நன்றியுரையில் கடைசி வரி.

தப்பு விஷயத்தில் இன்னொன்றும் உண்டு, அதை மூடி மறைப்பதில் பயனில்லை. எங்கள் கூட்டத்தில் நான் அந்தப் பெரியவரின் பெயரைச் சொன்னபோது ஒருவர், "அவரு சாவுக்கும் அடிக்கிறவராச்சே, நல்ல காரியத்துல மேடை ஏத்தலாமா?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. கடல் தாண்டி வந்து மூன்று நான்கு தலைமுறை ஆகியும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்த சாதி இன்னும் அவிழாமல் இருக்கிறது. விருந்தினரை வரவேற்கத் தப்பு வேண்டும், அடிப்பவர் மேடையில் வேண்டாம் என்றால், அந்த விழாவை நடத்தாமலே இருந்துவிடலாம்.

பட்டியலை மேசையில் போடாதீர்கள். தோட்டத்தை விட்டு வந்தவர்கள் இருக்கும் மலிவு விலை வீடுகளுக்குப் போய் மூன்றே கேள்வி கேளுங்கள். உங்கள் கோயில் திருவிழாவுக்கு யார் அடிப்பார்கள்? உங்கள் வீட்டு இழவில் யார் பாடினார்கள்? உங்கள் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பத்து வீடு தாண்டுவதற்குள் ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்.

இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் ஊருக்கு உள்ளே போனால் தெமியார் பூர்வகுடி மக்களின் கிராமங்கள் இருக்கின்றன. சேவாங் என்னும் பாட்டும் ஆட்டமும் அவர்களுடையது. 'ஊரின் கலைஞர்கள்' என்று பதாகை கட்டிவிட்டு நம் ஆட்களை மட்டும் அழைத்தால், பதாகையைத்தான் மாற்ற வேண்டும்.

பெயர்

தோட்டத்தில் பிறந்தவர்களின் பிறப்புப் பத்திரத்தில் என்ன எழுத்தில் பெயர் ஏறியது என்பது அன்று எழுதியவர் காதில் விழுந்ததைப் பொறுத்தது. லட்சுமி, லெட்சுமி, லெச்சுமி மூவரும் அக்கா தங்கைகளாக ஒரே வீட்டில் இருப்பார்கள். நற்சான்றிதழுக்குப் பெயரைத் தொலைபேசியில் கேட்டு எழுதாதீர்கள். அடையாள அட்டையைப் பார்த்து எழுதுங்கள், பிறகு அவரிடமே காட்டுங்கள்.

அதோடு முடியவில்லை. ஒரு விழாவில் அறிவிப்பாளர் அடையாள அட்டைப் பெயரைச் சரியாகவே வாசித்தார். கூட்டம் அசையவில்லை, யாரென்றே தெரியவில்லை. எண்பதை நெருங்கிய ஒரு தாத்தா மெல்ல மேடையேறி, அறிவிப்பாளர் காதில், "ரதின்னு சொல்லுங்க" என்றார். ரதி என்று ஒலிபெருக்கியில் வந்ததும் மண்டபம் அதிர்ந்தது. இளவயதில் மாசி மாதக் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டியவர். மன்மதன் எரிந்த பிறகு அவர் அழுத அழுகைக்குத் தோட்டமே அழுமாம். அந்தப் பெயர்தான் ஊர் அவருக்குக் கொடுத்த முதல் விருது. எங்கள் கேடயத்தில் அது இல்லை.

குழுக்களின் பெயரிலும் கவனம் வேண்டும். ரப்பர் போய்ச் செம்பனை என்னும் எண்ணெய்ப்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. ஆனால் பத்து மைல் தள்ளிக் குடிவந்த பிள்ளைகள் இன்னமும் பழைய தோட்டத்தின் பெயரையும் அங்கிருந்த அம்மனின் பெயரையும் சேர்த்தே உறுமி மேளத்துக்கு வைத்திருக்கிறார்கள். நீளமாக இருக்கிறதே என்று அறிவிப்பாளர் சுருக்கினால், அந்தத் தோட்டம் மிச்சமிருக்கும் ஒரே இடத்தையும் அழிக்கிறார் என்று அர்த்தம்.

ஒருவரைப் பிரித்தெடுப்பது

உறுமி மேளம் என்பது பத்துப் பதினைந்து பேர் சேர்ந்த ஒரு உடம்பு. உறுமிக்காரர் வளைந்த குச்சியால் ஒரு பக்கத் தோலைத் தேய்த்து உறும வைக்க, மறுபக்கம் அடி விழ, தப்பு அதைத் தாங்க, ஜாலரா கணக்கு வைக்கும். இதில் ஒருவரை மட்டும் மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி அனுப்பினோம். அடுத்த மாதமே குழு இரண்டாக உடைந்தது. பொன்னாடை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதுவும் ஒரு காரணம் என்று இரண்டு பக்கமும் சொன்னார்கள். முழுக் குழுவையும் ஏற்றுங்கள். மேடை சிறியதென்றால் விருந்தினர்கள் கீழே இறங்கி வரலாம்.

பட்டங்கள்

கலைச்சுடர், கலைச்செம்மல், கலைஞாயிறு. ஒரே இரவில் இருபது ஞாயிறு உதித்த மண்டபத்தில் இருந்திருக்கிறேன். வேண்டாம். என்ன செய்தார் என்று இரண்டு வரியில் தெளிவாக வாசியுங்கள், போதும்.

காசோலைக் கதை

இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். ஒரு முறை நல்ல மனம் படைத்த ஒருவர் ஒரு மேளக்குழுவுக்கு ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தார். மேடையில் பலகை அளவுக்குப் பெரிய மாதிரிக் காசோலை, படம் எடுத்தோம், முகநூலில் போட்டோம். அசல் காசோலை குழுவின் பெயருக்கு எழுதப்பட்டிருந்தது. குழுவுக்கு வங்கிக் கணக்கே கிடையாது. பதிவு இல்லாததால் கணக்குத் திறக்கவும் முடியவில்லை. பெயரை மாற்றி எழுதிக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு தலைவர் அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். ஆறு மாதத்தில் காலாவதியாகிவிட்டது. கொடுத்தவருக்குப் புகழ் சேர்ந்தது, பையன்களுக்கு ஒரு குச்சி வாங்கக்கூடக் காசு சேரவில்லை. நன்றி கெட்டவர்கள், வரவு வைத்ததாகச் சொல்லக்கூட இல்லை என்ற பேச்சு வேறு.

பணம் கொடுப்பதற்கு முன் யார் பெயரில் வேண்டும் என்று கேளுங்கள். குழுவுக்கு உண்மையிலேயே உதவ நினைத்தால் பதிவுக்கு உதவுங்கள். 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் ஒரு சங்கம் அமைத்து சங்கங்களின் பதிவு இலாகாவான ஆர்.ஓ.எஸ்ஸில் பதிந்துகொள்ளலாம். எந்த மேளக்குழுவிலும் ஏழு பேர் இருப்பார்கள். இல்லாதது மலாயில் பாரம் நிரப்பத் தெரிந்த, ஆண்டுக் கணக்கு அனுப்ப நினைவூட்டுகிற ஒரு ஆள். விழாக் குழுவில் அப்படிப்பட்டவர்கள் நாலு பேராவது இருப்போம். பதிவும் கணக்கும் இருந்தால் மானியத்துக்கு மனுப் போடும் வழியாவது திறக்கும்.

டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் கொடுத்தால்தான் பணம் என்ற நினைப்பும் எங்கள் ஊருக்குப் பொருந்தாது. ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த ஊர் இது. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டிய ஆட்களிடம் மாதம் பத்து வெள்ளி வாங்கித் தோட்டத்தையே வாங்கிக் காட்டினார். அவர்களின் பேரப்பிள்ளைகள் ஐம்பது பேர் சேர்ந்தால் ஒரு தப்பாட்டக் குழுவுக்குத் தோல் வாங்க முடியாதா?

நேரம், சூடு, பேருந்து

விழா ஏழு மணி என்று அச்சடிப்போம். ஒய்.பி. என்று நாம் அழைக்கும் மக்கள் பிரதிநிதி ஒன்பது மணிக்கு வருவார். அதுவரை கலைஞர்கள் வேஷத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு இரண்டு மணி நேரம் சும்மா இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், எப்படி அரிக்கும் என்று. இப்போது பாதிப் பேர் தொழிற்சாலையில் சிஃப்டு வேலை செய்கிறார்கள். இரவுப் பேருந்து பத்து மணிக்குக் கடைத்தெருவிலிருந்து யாருக்காகவும் காத்திராமல் போய்விடும். ஒரு கரகாட்டப் பெண் ஆடாமலே, விருதும் வாங்காமலே அலங்காரத்தோடு அந்தப் பேருந்தில் ஏறிப் போனதைப் பார்த்தேன். விருந்தினர் வருகையோடு நிகழ்ச்சியை முடிச்சுப் போடாதீர்கள். முதல் அரைமணியில் கலைஞர்கள், பிறகு உரைகள்.

தோல் தப்பு குளிரில் தொய்ந்துவிடும். அடிப்பதற்கு முன் பழைய செய்தித்தாளையோ தென்னோலையையோ கொளுத்திச் சூடு காட்டினால்தான் 'கணீர்' என்று பேசும். குளிர்சாதன மண்டபத்துக்குள் ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு 'இப்போது அடியுங்கள்' என்றால் சொத சொதவென்றுதான் கேட்கும், பிறகு அவர்களைக் குறை சொல்வோம். வெளியே தீ மூட்ட ஓர் இடமும், மண்டபக்காரரிடம் முன்கூட்டியே ஒரு சொல்லும் போதும். ஃபைபர் தோல் போட்ட குழுக்களுக்கு இந்தக் கவலை இல்லை. என் காதுக்கு அந்தச் சத்தம் ஒட்டவில்லை என்பது வேறு விஷயம்.

பதிவு செய்யாமல் விடுவது

சுங்கை சிப்புட் என்றால் வரலாற்றுப் புத்தகத்தில் 1948 ஜூன் 16 வரும். அன்று காலை இங்குள்ள தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான பன்னிரண்டு வருட அவசரகாலம் அதிலிருந்து தொடங்கியது. சுடப்பட்டவர்களின் பெயர், தோட்டத்தின் பெயர், நேரம் எல்லாம் கிடைக்கும். அதே தோட்டங்களில் அந்த வருடம் காமன் கூத்தில் யார் ரதி கட்டினார் என்று தேடினால் ஒரு காகிதமும் கிடைக்காது.

விருது கொடுக்கும்போது நம் கைப்பேசியில் பதிவாவது விருந்தினர் போர்த்தும் பொன்னாடைதான். பாட்டு பதிவாவதில்லை. விழாவுக்கு ஒரு வாரம் முன்பே அவர் வீட்டுக்குப் போய், சம்மதம் கேட்டு, ஒரு மணி நேரம் பாடவோ பேசவோ விட்டுப் பதிவு செய்யுங்கள். எந்தத் தோட்டம், யாரிடம் கற்றார், எந்த வருடம் என்று கேட்டு எழுதுங்கள். ஒரு பிரதி குடும்பத்துக்கு, ஒரு பிரதி தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கு. ஒப்பாரியைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வேடிக்கையாகப் பரப்பிவிடாதீர்கள். அது செத்தவருக்காகப் பாடியது.

இந்தக் காகிதங்களுக்கு வேறு பயனும் உண்டு. 2005-ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி, வாழும் மனிதர் ஒருவரையே தேசிய மரபுடைமையாக அறிவிக்க முடியும். அதற்கு யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். தோட்டத்துக் கலைஞருக்கு அது எட்டாத உயரம் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். பரிந்துரைக்க உட்கார்ந்தால் எழுத ஒரு வருடம், ஒரு தேதி, ஒரு படம் வேண்டாமா?

கேட்காமல் கொடுப்பது

போன முறை அந்தத் தப்புப் பெரியவரைத் தேடிப் போனோம். "ஐயா, இந்தத் தடவை உங்களுக்குத்தான், என்ன வேணும்?" என்றோம். வீட்டைச் சுற்றிக் காட்டினார். இரண்டு அறை. தொலைக்காட்சி மேல் ஏற்கெனவே மூன்று கேடயம் இருந்தன, பேரன் பூப்பந்தில் வாங்கியவை. பொன்னாடையும் வேண்டாம் என்றார், இந்த ஊர் வெயிலில் அதைப் போர்த்திக்கொண்டு எங்கே போவது? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஆட்டுத் தோல் வாங்கக் காசும், வாரம் ஒரு ராத்திரி பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு இடமும் கேட்டார்.

புதன்கிழமைகளில் கோயில் பின்புறக் கொட்டகையில் எட்டுப் பையன்களும் இரண்டு பெண்பிள்ளைகளும் வருகிறார்கள். மேடைக்கும் அவரை ஏற்றினோம், குழுவோடு, சூடு காட்டிய தப்போடு. கொட்டகைச் சத்தம் பற்றிப் பக்கத்து அடுக்குமாடியிலிருந்து இரண்டு புகார் வந்திருக்கிறது. ஒன்பதரைக்கு நிறுத்திவிடுகிறோம் என்று சொல்லிப் பார்த்தோம், இன்னும் சமாதானம் ஆகவில்லை.