ஊருக்கு ஒரு செய்முறை வீடியோ: கம்ப்யூட்டர் திரையைப் பதிவு செய்து, எடிட் செய்து அனுப்புவது எப்படி?

பெங்களூரில் இருந்துகொண்டு, சேலத்திலோ கிருஷ்ணகிரியிலோ இருக்கும் அப்பாவுக்கு ரயில் டிக்கெட் எடுக்கப் போனில் சொல்லிக்கொடுப்பது கஷ்டமான வேலை. “மேல வலது பக்கம் ஒரு நீலப் பட்டன் இருக்கும்ப்பா” என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் போய்விடும். அதே வேலையைத் திரையில் செய்து காட்டி, தமிழில் பேசி, ஐந்து நிமிட வீடியோவாக எடுத்துவிட்டால் அவர் நிறுத்தி நிறுத்திப் பார்த்துச் செய்துகொள்வார். இந்த விளக்கம் முழுக்க அந்த ஒரு வீடியோவையே உதாரணமாக வைத்துப் போகிறது.

தேவையானவை: விண்டோஸ் லேப்டாப், பதிவுக்கு ஓபிஎஸ் ஸ்டுடியோ, எடிட்டிங்குக்கு ஷாட்கட். இரண்டு மென்பொருளும் இலவசம், வாட்டர்மார்க் விழாது. விண்டோஸிலேயே இருக்கும் கேம் பார் என்ற பதிவுக் கருவி டெஸ்க்டாப்பையும் ஃபைல் எக்ஸ்ப்ளோரரையும் பதிவு செய்யாது, அதனால்தான் ஓபிஎஸ்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். “எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்டால் மூன்று குறைகள் கடைசிவரை போகாது: அறையின் எதிரொலி, உரத்துப் பேசி உடைந்துபோன குரல், படிக்க முடியாத சின்ன எழுத்து. அதனால் பாதி நேரத்தைப் பதிவுக்கு முந்தைய ஏற்பாட்டுக்கே ஒதுக்குங்கள்.

1. என்ன காட்டப்போகிறோம் என்று எழுதுங்கள்

ஒரு வீடியோவில் ஒரே ஒரு வேலை. சாதாரண டிக்கெட் எடுப்பதைக் காட்டும்போது தட்கலைப் பற்றிப் பேசத் தொடங்காதீர்கள். ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, மற்ற வகுப்புக்கு 11 மணி என்று அதற்கே தனிக் கதை இருக்கிறது.

எழுதும்போது, உங்களுக்குத் தெரிந்ததால் சொல்லாமல் விட்டுவிடும் விஷயங்களைத் தேடிப் பிடியுங்கள். பெங்களூரில் ரயில் ஏறக் கேஎஸ்ஆர், கன்டோன்மென்ட், பையப்பனஹள்ளி விஸ்வேஸ்வரய்யா டெர்மினல் என்று பல நிலையங்கள் உண்டு. ஊரில் இருப்பவருக்கு எல்லாமே “பெங்களூர்”தான். பட்டியலில் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏன் என்று சொல்லும் இரண்டு வரிதான் உங்கள் வீடியோவிலேயே அதிகம் பயன்படப்போகும் வரிகள். முன்பதிவு 60 நாளுக்கு முன் தொடங்குகிறது என்பதும் இப்படித்தான்.

பேச்சை முழு வாக்கியமாக எழுதிவைத்து வாசித்தால் பாடம் ஒப்பிப்பதுபோல் கேட்கும். ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு வரிக் குறிப்பு போதும். பிறகு பதிவு செய்யாமல் ஒருமுறை முழுதாகச் செய்து பாருங்கள். எந்த இடத்தில் பக்கம் திறக்க நேரமாகிறது, எங்கே கேப்ட்சா கேட்கிறது என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

2. திரையைச் சுத்தம் செய்யுங்கள்

பார்ப்பவர் கையில் இருப்பது ஆறு அங்குலப் போன். உங்கள் 15 அங்குலத் திரை அதற்குள் சுருங்கிப் போகும். அதனால் பிரவுசரில் கண்ட்ரோலும் பிளஸ்ஸும் அழுத்தி 125 அல்லது 150 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். எஃப்11 அழுத்தினால் முகவரிப் பட்டையும் டாஸ்க்பாரும் மறைந்து இன்னும் இடம் கிடைக்கும். ஆனால் தள முகவரியைக் காட்ட வேண்டிய கட்டத்தில் அது வேண்டாம். சரியான தளத்தில்தான் இருக்கிறோமா என்று பார்ப்பவர் சரிபார்க்க அந்தப் பட்டை தெரிய வேண்டும்.

அடுத்தது அந்தரங்கம். குரோமில் கெஸ்ட் விண்டோவைத் திறந்து அதில் வேலை செய்யுங்கள். வழக்கமான விண்டோவில் ஒரு பெட்டியில் கர்சரை வைத்தாலே பழைய போன் நம்பர், வீட்டு முகவரி, மின்னஞ்சல் எல்லாம் பட்டியலாக விழும். அரை நொடி தெரிந்தாலும் வீடியோவை நிறுத்திப் படித்துவிடலாம். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் போய் ‘டு நாட் டிஸ்டர்ப்’ போடுங்கள். வாட்ஸ்அப் வெப்பை மூடுங்கள். பயணி விவரத்தில் கற்பனைப் பெயரைப் போட்டு, பணம் கட்டும் பக்கம் வந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் வாயால் சொன்னால் போதும்.

3. குரல்

படம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். குரல் புரியாவிட்டால் மூடிவிடுவார்கள். செலவு செய்வதானால் முதலில் ஒரு ஒயர் காலர் மைக் வாங்குங்கள். அதுவரை போனோடு வந்த ஒயர் இயர்போனே போதும், லேப்டாப்பின் உள் மைக்கைவிட எவ்வளவோ மேல். புளூடூத் இயர்போன் வேண்டாம்: அதன் மைக்கைத் திறந்த உடனேயே அது போன் பேசும் தரத்துக்கு இறங்கிவிடும், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேராக வைத்தால் ‘ப’, ‘ட’ சொல்லும்போது மூச்சு மோதி ‘புஸ்’ என்று விழும். டைல்ஸ் போட்ட காலி ஹாலில் பேசாதீர்கள். துணி பீரோவும் மெத்தையும் இருக்கும் படுக்கையறையில் எதிரொலி அடங்கும். திறந்த பீரோவைப் பார்த்தபடி உட்கார்ந்து பேசினால் இன்னும் நல்லது.

சத்தத்துக்கு நேரம் பார்க்க வேண்டும். பெங்களூர் அபார்ட்மென்டில் காலை ஏழு மணிக்கு மேல் குப்பை வண்டியின் ஒலிபெருக்கி, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், ரோட்டு ஹாரன் எல்லாம் வரிசையாக வரும். ஆறு மணிக்குள்ளோ இரவு பத்துக்கு மேலோ உட்காருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், டிசம்பர், ஜனவரியில் இந்த ஊரில் அது ஒரு சிரமமே இல்லை.

4. ஓபிஎஸ் அமைப்பு

முதல்முறை திறந்ததும் ஒரு உதவிப் பெட்டி வந்து கேள்வி கேட்கும். பதிவுக்கு மட்டும், நேரலை இல்லை என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். பிறகு செட்டிங்ஸில் இவற்றைப் பாருங்கள்:

வீடியோ: பேஸ் ரெசல்யூஷன் உங்கள் திரையின் அளவு. திரை 1920×1080 என்றால் அவுட்புட்டும் அதுவே. பழைய 1366×768 திரை என்றால் அவுட்புட் 1280×720. எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) 30 போதும். 60 வைத்தால் லேப்டாப் திணறுமே தவிர, பட்டன் அழுத்திக் காட்டும் வீடியோவில் வித்தியாசம் தெரியாது.

அவுட்புட்: சிம்பிள் மோடிலேயே இருங்கள். தரம் ‘ஹை குவாலிட்டி, மீடியம் ஃபைல் சைஸ்’. என்கோடரில் (வீடியோவைச் சுருக்கி எழுதும் பகுதி) ஹார்டுவேர் என்று ஏதாவது காட்டினால் அதைத் தேர்ந்தெடுங்கள். பதிவின் நடுவே கீழே ‘என்கோடிங் ஓவர்லோடட்’ என்று வந்தால் லேப்டாப் ஈடுகொடுக்கவில்லை என்று அர்த்தம். மற்ற மென்பொருள்களை மூடுங்கள், அல்லது அவுட்புட்டை 720க்கு இறக்குங்கள்.

ஃபார்மேட் எம்கேவி. இதில் கவனமாக இருங்கள். சாதாரண எம்பி4 ஃபைலைத் திறந்து படிக்கத் தேவையான அட்டவணை, பதிவை முடிக்கும்போதுதான் எழுதப்படுகிறது. நடுவில் கரன்ட் போனாலோ லேப்டாப் உறைந்தாலோ அந்த எம்பி4 திறக்காது, மொத்தமும் போச்சு. எம்கேவியில் அதுவரை பதிவானது அப்படியே கிடைக்கும். ஷாட்கட் எம்கேவியை நேராகவே திறக்கும். எம்பி4 தேவைப்பட்டால் ஓபிஎஸ்ஸின் ஃபைல் மெனுவில் ‘ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்’ சில நொடிகளில் மாற்றிக் கொடுத்துவிடும், தரம் குறையாது.

ஹாட்கீஸ்: தொடங்க ஒரு கீ, நிறுத்த ஒரு கீ வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு பதிவின் தலையிலும் வாலிலும் ஓபிஎஸ் விண்டோ தெரியும்.

இனி ‘சோர்சஸ்’ பெட்டியில் பிளஸ் அழுத்தி ‘டிஸ்ப்ளே கேப்சர்’ சேருங்கள். ‘விண்டோ கேப்சர்’ வேண்டாம். கீழே விழும் மெனுக்களும் ரைட் கிளிக் பட்டியலும் சில சமயம் அதில் பதிவாகாது, நீங்கள் காற்றில் கிளிக் செய்வதுபோல் இருக்கும்.

டிஸ்ப்ளே கேப்சர் வெறும் கறுப்பாகத் தெரிகிறதா? இரண்டு கிராபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்பில் இது அடிக்கடி வரும். திரையை ஒரு சிப் இயக்குகிறது, ஓபிஎஸ் இன்னொன்றில் ஓடுகிறது. விண்டோஸ் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் போய் ஓபிஎஸ்ஸுக்கு ‘பவர் சேவிங்’ கொடுத்து, ஓபிஎஸ்ஸை மூடித் திறங்கள். ஓடிடி படங்களும் போனில் வங்கி ஆப்களும் கறுப்பாகத் தெரிவது வேறு விஷயம்: அது வேண்டுமென்றே வைத்த பாதுகாப்பு, அதைத் தாண்ட முயல வேண்டாம்.

ஆடியோ மிக்சரில் ‘டெஸ்க்டாப் ஆடியோ’வை மியூட் செய்யுங்கள். வழக்கமான குரலில் பேசும்போது மைக் பட்டை மஞ்சள் பகுதியில், அதாவது மைனஸ் 20க்கும் மைனஸ் 9க்கும் நடுவில் ஆட வேண்டும். சிவப்பின் நுனியைத் தொட்டால் குரல் உடையும். மைக் ஃபில்டர்ஸில் ‘நாய்ஸ் சப்ரஷன்’ ஒன்று மட்டும் சேர்த்தால் போதும். குரல் இடது காதில் மட்டும் கேட்டால் ‘அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்ட்டீஸ்’ திறந்து மைக் வரிசையில் ‘மோனோ’வை டிக் செய்யுங்கள்.

5. பதிவு

இருபது நொடி சோதனைப் பதிவு செய்து, அதைப் போனுக்கு அனுப்பி, போன் ஸ்பீக்கரிலேயே கேளுங்கள். எழுத்து படிக்க முடிகிறதா என்றும் பாருங்கள். இந்தப் படியைத் தாண்டாதீர்கள்.

பதிவைத் தொடங்கியதும் ஐந்து நொடி சும்மா இருங்கள். முதலில் சொல்லுங்கள், பிறகு கிளிக் செய்யுங்கள்: “இப்ப ‘சர்ச்’ பட்டனை அழுத்தப்போறோம்.” கிளிக் செய்துவிட்டுச் சொன்னால் பார்ப்பவர் பக்கம் மாறியதை மட்டும் பார்ப்பார், எதை அழுத்தினீர்கள் என்று தெரியாது. மவுஸை மெதுவாகக் கொண்டுபோய் நிறுத்துங்கள். பேசும்போது வட்டம் போடாதீர்கள்.

தவறு வந்தால் பதிவை நிறுத்த வேண்டாம். மவுஸை அசைக்காமல் ஒருமுறை கை தட்டுங்கள், இரண்டு நொடி அமைதி, பிறகு அந்த வாக்கியத்தை ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள். பாதி வாக்கியத்திலிருந்து தொடர்ந்தால் குரலின் ஏற்ற இறக்கம் ஒட்டாது. கைதட்டிய இடம் எடிட்டிங்கில் ஒலியின் அலைப்படத்தில் ஊசிபோல் நிமிர்ந்து நிற்கும், தேடவே வேண்டாம்.

6. ஷாட்கட்டில் எடிட்டிங்

ஃபைலைத் திறந்து டைம்லைனுக்கு (துண்டுகளை வரிசையாக அடுக்கும் கீழ்ப்பட்டைக்கு) இழுங்கள். போனில் பதிவு செய்த வீடியோ என்றால் ‘எடிட் ஃப்ரெண்ட்லி’யாக மாற்றட்டுமா என்று ஷாட்கட் கேட்கலாம், சரி என்று சொல்லுங்கள். போன் பதிவில் ஃப்ரேம் வேகம் ஒரே சீராக இருக்காது, மாற்றாமல் விட்டால் போகப் போகக் குரலும் படமும் விலகும்.

முதல் வேலை வெட்டுவது மட்டும். வெட்ட வேண்டிய இடத்தில் எஸ் கீ, வேண்டாத துண்டைத் தேர்ந்தெடுத்து எக்ஸ் கீ. எக்ஸ் அழுத்தினால் இடைவெளி தானே மூடிக்கொள்ளும். இசட் அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்கும். வாக்கியங்களுக்கு நடுவே கால் நொடி அமைதியை விட்டுவையுங்கள், இல்லாவிட்டால் மூச்சே விடாமல் பேசுவதுபோல் இருக்கும். வெட்டிய இடத்தில் ‘டக்’ என்று கேட்டால் துண்டின் மூலையில் உள்ள வட்டத்தைச் சிறிது இழுத்து ஃபேட் கொடுங்கள். பக்கம் திறக்கக் காத்திருந்த நேரத்தை நீக்கிவிடுங்கள், ஆனால் “கொஞ்ச நேரம் சுத்தும், காத்திருங்க” என்று குரலில் சொல்லியிருக்க வேண்டும்.

வெட்டு முழுதாக முடியும்வரை எழுத்து, பெட்டி எதுவும் சேர்க்காதீர்கள். எக்ஸ் கீ டைம்லைனின் அந்த ஒரு ட்ராக்கை (வரிசையை) மட்டும்தான் நகர்த்தும்; மேலே வைத்த எழுத்தெல்லாம் இடம் மாறிப் போகும்.

பிறகு பெரிதாக்குதல். சின்னப் பட்டன் வரும் பகுதியின் இரு பக்கமும் வெட்டி, அந்தத் துண்டுக்கு ‘சைஸ், பொசிஷன் அண்ட் ரொட்டேட்’ ஃபில்டர் போட்டு 150 சதவீதம் கொடுங்கள். 200ஐத் தொட்டால் எழுத்து மங்கும். வீடியோ முழுக்க மூன்று நான்கு இடத்தில் போதும், அடிக்கடி முன்னும் பின்னும் போனால் கண் வலிக்கும்.

போன் நம்பர் எங்காவது தெரிந்துவிட்டதா? மங்கலாக்கி விடாதீர்கள், மங்கலான எண்களைச் சில சமயம் திரும்பக் கண்டுபிடிக்க முடியும். புதிய வீடியோ ட்ராக் சேர்த்து, ‘ஓபன் அதர்’ வழியாகக் கறுப்பு ‘கலர்’ ஒன்றை எடுத்து மேலே வையுங்கள். அதே சைஸ் ஃபில்டரால் எண்ணை மூடும் அளவுக்குச் சுருக்கினால் வேலை முடிந்தது.

தமிழ்த் தலைப்புக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது நிர்மலா யூஐ எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியது யூனிகோட் இல்லை என்பதால், எழுத்துரு மாறினால் புரியாத குறிகளாகிவிடும். எந்த மென்பொருளிலும் முதலில் ‘கொ’, ‘நௌ’, ‘ஸ்ரீ’ தட்டிப் பாருங்கள். கொம்பு தனியாக நின்றால் அந்தத் தலைப்பை வேறு இடத்தில் படமாகச் செய்து கொண்டுவருவதே வழி.

கடைசியாக ஒலி அளவு. டைம்லைனில் ட்ராக்கின் தலைப்பகுதியைத் தேர்ந்தெடுத்து ‘நார்மலைஸ்: டூ பாஸ்’ ஃபில்டர் போடுங்கள். அதில் முதலிலேயே இருக்கும் இலக்கு ஒலி அளவான மைனஸ் 23, போனுக்கு மிகவும் குறைவு. மைனஸ் 16 வைத்து ‘அனலைஸ்’ அழுத்துங்கள். பின்னணி இசை வேண்டாம். சினிமாப் பாட்டு வைத்தால் யூட்யூபில் உரிமைக் கோரிக்கையும் வரும்.

7. ஏற்றுமதியும் அனுப்புதலும்

‘எக்ஸ்போர்ட்’ போய் ‘யூட்யூப்’ ப்ரீசெட், எம்பி4. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கி எழுத்தை அழித்துவிடும். ‘டாக்குமென்ட்’ வழியாக அனுப்புங்கள், 2 ஜிபி வரை அப்படியே போகும். ஊரில் நெட் மெதுவாக இருந்தால் யூட்யூபில் ‘அன்லிஸ்டட்’ ஆகப் போட்டு இணைப்பை அனுப்பலாம், இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்ப்பார்கள்.

எம்கேவி மூலத்தையும் ஷாட்கட் ப்ராஜெக்டையும் ஒரே ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள், அழிக்காதீர்கள். ஃபோல்டரை இடம் மாற்றினால் மூலத்தைக் காணோம் என்று ஷாட்கட் கேட்கும். தளத்தில் ஒரு பட்டன் இடம் மாறினால், அந்த நாற்பது நொடியை மட்டும் அதே மைக்கில், அதே அறையில் திரும்ப எடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.