ஆசையாகச் சேர்த்தவற்றுக்கு ஒரு பட்டியல்

நாணயம், தபால்தலை, பழைய கேமரா என்று எதைச் சேர்த்தாலும், அதில் எது அரியது என்பது பெரும்பாலும் சேர்த்தவருக்கு மட்டும்தான் தெரியும். அதனால் உங்களுக்குப் பிறகு வீட்டார் திண்டாடாமல் இருக்க, இப்போதே ஒரு பட்டியல் போட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் எழுத முடியாவிட்டால் பரவாயில்லை, விலை உயர்ந்தவற்றுக்காவது படம், வாங்கிய ஆண்டு, ரசீதும் தரச்சான்றும் இருக்கும் இடம் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள்.

பட்டியலின் தலையிலேயே ‘எதையும் கழுவ வேண்டாம், தேய்க்க வேண்டாம்’ என்று பெரிதாக எழுதுங்கள். இதுதான் முக்கியம். வீட்டார் நல்லெண்ணத்தோடு பளபளப்பாக்கிய பழைய நாணயத்தின் மதிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். பயன்படுத்தாத தபால்தலையின் பின்பக்கப் பசையும் அப்படித்தான், ஈரம் பட்டால் போச்சு.

அப்புறம், விவரம் தெரிந்த, நீங்கள் நம்பும் சேகரிப்பாளர்கள் இரண்டு பேரின் தொலைபேசி எண்ணைச் சேருங்கள். விலை சொல்பவரே வாங்குபவராகவும் இருந்தால், வேறொருவரிடம் கேட்காமல் கொடுக்கக் கூடாது. காப்பீட்டுக்காகப் போட்ட மதிப்பு விற்கும்போது பெரும்பாலும் கிடைக்காது என்பதையும் சொல்லிவையுங்கள்.

அருங்காட்சியகத்துக்குத் தர நினைத்தால் முன்கூட்டியே கேளுங்கள், மறுப்பதும் உண்டு. யாருக்கு எது என்பது உயிலில் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்றால், நல்லவற்றை நீங்களே இருக்கும்போது விற்பதுதான் சரி என்பேன். அதன் அருமையை உங்களைப் போல எடுத்துச் சொல்ல வேறு யாராலும் முடியாது.